பதின்மூன்று ஆண்டுகள்

கானடா தேசத்து டொராண்டோ நகரின் பொது ஆஸ்பத்திரியில், 1922ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11ஆம் தேதியன்று, எலும்பும் தோலுமாய்ப் படுத்திருந்த லியனார்ட் தாம்ஸன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுடைய சரீரத்தில், மாட்டின் கணையத்திலிருந்து வடித்தெடுத்த இன்சுலின் சாறு ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அன்றைய சாறு போதிய சுத்தம் அடையாததாக இருந்தமையால், ஊசி குத்திய இடம் சீழ் கொண்டதேயன்றி நோயில் பெரிய மாறுதல் ஒன்றும் காணவில்லை. ஆனால் ரசாயன நிபுணரான காலிப் என்பவர் அதனை மேலும் சுத்திகரித்துக் கொடுக்க, அம்மாதம் 23ஆம் தேதி மறுபடி செலுத்தியபொழுது, இரத்தத்திலும் சிறுநீரிலும் ஏறி நின்ற சர்க்கரை மளமளவென்று இறங்கிற்று. அதுவரை இந்த நீரிழிவு வியாதி கண்ட குழந்தைகளுக்கு வைத்தியர்கள் செய்யக்கூடியதாக இருந்தது, ஆகாரத்தை அடியோடு குறைத்துப் பட்டினியிட்டு, மரணத்தைச் சில மாதங்களோ ஓரிரு வருஷங்களோ தள்ளிப்போடுவது ஒன்றுதான். லியனார்ட் அந்த ஊசிக்குப் பிறகு பதின்மூன்று ஆண்டுகள் உயிர் வாழ்ந்து, 1935இல் நிமோனியா கண்டு காலமானான்.

அது 1922இன் கதை. ஒரு நூற்றாண்டு கழித்து, 2022இல், லான்ஸெட் வரிசையைச் சேர்ந்த வைத்திய சஞ்சிகை ஒன்றில் உலகளாவிய ஒரு கணக்கீடு வெளியாயிற்று. 2021ஆம் ஆண்டில் முதல்வகை நீரிழிவு என்று கண்டறியப்பட்ட பத்து வயதுக் குழந்தை ஒன்று, செல்வம் மிகுந்த தேசத்தில் பிறந்திருக்குமாயின் சராசரியாக மேலும் 65 ஆண்டுகள் வாழும் என்றும், வறிய தேசத்தில் பிறந்திருக்குமாயின் மேலும் 13 ஆண்டுகளே வாழும் என்றும் அக்கணக்கு கூறுகிறது. பக்குவமடையாத முதல் மருந்தை ஏற்றுக்கொண்ட லியனார்டுக்குக் கிடைத்த ஆயுள் எவ்வளவோ, அவ்வளவே இன்றைய ஏழை நாட்டுக் குழந்தைக்கும் கிடைக்கிறது. நடுவே கழிந்த நூறு ஆண்டுகளில் மருந்து எத்தனையோ மேன்மை அடைந்திருக்க, அக்குழந்தையின் ஆயுள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பானேன் என்பதைத்தான் இங்கே விசாரிக்கப் புகுகிறோம்.

நம் வீடுகளில் பெரியவர்களிடத்தில் சாதாரணமாகக் காணும் சர்க்கரை வியாதி வேறு. குழந்தைகளைப் பற்றும் இந்த முதல்வகை வேறு. முன்னதில் கணையம் இன்சுலினைச் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. உடல் அதற்குச் சரியாக இணங்குவதில்லை. நடைப்பயிற்சியும் பத்தியமும் மாத்திரையும் பல ஆண்டுகள் வரை அதனைக் கட்டுக்குள் வைக்கப் போதுமானவையாக இருக்கின்றன. பின்னதிலோ, கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படையே, காரணம் முற்றிலும் விளங்காத ஒரு மயக்கத்தால், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களைப் பகையென்று கருதி அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லையேல், இரத்தத்தில் ஓடும் சர்க்கரை தசைகளுக்குள் புக வழியில்லை. களஞ்சியம் நிறைய நெல் கிடக்க, கதவைத் திறப்பாரின்றி வீட்டார் பட்டினி கிடப்பதை ஒத்த நிலைமை அது. பசித்த உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்குகிறது. அதனால் விளையும் கீட்டோன் என்னும் அமிலங்கள் இரத்தத்தில் பெருகி, குழந்தையை மயக்கத்திற்கும் மரணத்திற்கும் கொண்டுசெல்கின்றன. குழந்தை மிட்டாய் தின்றதனால் வந்ததன்று இந்நோய். தாய் கர்ப்ப காலத்தில் செய்த எந்தப் பிழையாலும் வந்ததன்று. வெளியிலிருந்து நாள்தோறும் இன்சுலின் கொடுப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தும் கிடையாது. மூலிகை, மந்திரம், பத்தியம் ஆகியவற்றை நம்பி ஒரு வாரம் ஊசியை நிறுத்துவது, ஒரு வாரம் மூச்சை நிறுத்திப் பார்ப்பதற்குச் சமானம்.

வறிய நாட்டில் இக்குழந்தை சந்திக்கும் முதல் அபாயம், மருந்து இல்லாமையன்று. நோய் இன்னதென்று எவருக்கும் தெரியாமையே. தாகம் அடங்காமல் தண்ணீர் குடிப்பதும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், படுக்கையை நனைப்பதை விட்டுப் பல வருஷங்கள் ஆன பிள்ளை மறுபடியும் நனைக்கத் தொடங்குவதும், வயிறாரச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போவதும் இதன் முதல் அறிகுறிகள். இவற்றைக் கவனியாமல் விட்டால், சில வாரங்களில் வாந்தியும் வயிற்றுவலியும் காண்கின்றன. மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுக்கிறது. வாயிலிருந்து பழுத்த பழத்தின் வாடை வீசுகிறது. பிறகு நினைவு தப்புகிறது. ஆப்பிரிக்காவின் உஷ்ணப் பிரதேசத்தில் ஒரு கிராம வைத்தியசாலைக்கு இந்நிலையில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால், அங்கிருக்கும் ஊழியர் மனத்தில் முதலில் எழுவது மலேரியா. அதன் பின் டைபாய்டு. அதன் பின் வயிற்றுப்போக்கு. அதன் பின் நிமோனியா. அவர்மீது குற்றமில்லை, நாள்தோறும் அவர் காண்பவை அவையே. மூளையைத் தாக்கும் மலேரியா என்று கருதி, கொயினாவைக் குளுக்கோஸ் நீரில் கலந்து நரம்பில் ஏற்றுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. சர்க்கரையில் ஏற்கெனவே மூழ்கிக்கொண்டிருக்கும் உடலில், காப்பாற்ற விரும்பும் கையே மேலும் சர்க்கரையை ஊற்றுகிறது என்பதை எண்ணும்பொழுது நெஞ்சு பதறுகிறது. மேற்சொன்ன கணக்கீட்டின்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 35,000 பேர், நோய் தோன்றிய ஓராண்டுக்குள், தங்களுக்கு வந்தது நீரிழிவு என்று எவரும் அறியாமலேயே மாண்டிருக்கின்றனர்.

இதனைத் தடுக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. விரல் நுனியில் ஒரு துளி இரத்தமும் ஒரு குளுக்கோமீட்டரும் போதும். அதுவும் இல்லையெனில், சிறுநீரில் தோய்க்கும் காகிதப் பட்டை ஒன்று போதும். இத்தாலியில் பார்மா என்னும் மாகாணத்தில், 1991ஆம் ஆண்டு தொடங்கி, பள்ளிக்கூடங்களிலும் குழந்தை வைத்தியர்களின் அறைகளிலும், படுக்கையை நனைக்கும் குழந்தையைப் பற்றிய எளிய சுவரொட்டி ஒன்றை ஒட்டி வைத்தார்கள். அபாய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் புதிய நோயாளிக் குழந்தைகளின் விகிதம் நூற்றுக்கு 78 என்பதிலிருந்து 12.5ஆகக் குறைந்துவிட்டது. ஒரு காகிதமும் கொஞ்சம் பசையும் செய்த காரியம் இது. பள்ளி ஆசிரியரும் கிராமத் தாதியும் அந்தச் சில அடையாளங்களை அறிந்திருந்தால், எந்த ஏழை நாட்டிலும் இது நடக்கக்கூடியதே.

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருந்து கிடைக்கிறதா? டொராண்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுத்த பாண்டிங், பெஸ்ட், காலிப் ஆகிய மூவரும் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ சர்வகலாசாலைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இம்மருந்து லாபத்திற்கு இரையாகக் கூடாது என்ற எண்ணமே அதற்குக் காரணம். உலக சுகாதார நிறுவனம் 1977இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இன்சுலின் இடம்பெற்றிருந்தது. இவ்வளவுக்கும் பிறகு, இன்று உலகச் சந்தையின் பெரும்பகுதி மூன்று கம்பெனிகளின் கையில் அடங்கியிருக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, உற்பத்திச் செலவும் நியாயமான லாபமும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு வேண்டிய மனித இன்சுலினை 72 டாலருக்கோ அதற்கும் குறைவாகவோ விற்க முடியும் என்று காட்டிற்று. அந்தத் தொகையும் கூலி வேலை செய்து பிழைக்கும் ஒரு குடும்பத்துக்குச் சிறியதன்று; ஆனால் ஒரு ராஜாங்கத்திற்குப் பெரியதன்று.

விலை மட்டுமே தடை என்று கொள்வதும் பிழையாகும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மொஸாம்பிக் நாட்டில் சர்வதேச இன்சுலின் ஸ்தாபனத்தைச் சேர்ந்தோர் நேரில் சென்று விசாரித்தபொழுது, நாட்டிற்குள் வந்து சேர்ந்த இன்சுலினிலும் பெரும்பகுதி தலைநகராகிய மபூட்டோவிலேயே தங்கிவிட்டதைக் கண்டார்கள். கிராமத்திலுள்ள குழந்தை ஒன்று, நோய் கண்ட பிறகு ஓராண்டுகூட வாழ்வது அரிது என்பது அவர்களுடைய மதிப்பீடு. மருந்து துறைமுகத்தில் இறங்குவதற்கும் குழந்தையின் தொடையில் இறங்குவதற்கும் இடையில் எத்தனை கணக்கர்கள், எத்தனை கிடங்குகள், மழைக்காலத்தில் மூடிப்போகும் எத்தனை பாதைகள்!

அந்தப் பாதையில் வெயிலும் ஒரு பகை. இன்சுலின் ஒரு புரதமாகையால், கொதிக்கும் வெப்பத்தில் தன் வீரியத்தை இழந்துவிடும். உறைபனியில் வைத்தாலும் கெட்டுப்போகும். 2 டிகிரி முதல் 8 டிகிரி வரையுள்ள குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்றும், திறந்த குப்பியை நான்கு வாரத்திற்குமேல் உபயோகிக்கலாகாது என்றும் குப்பியின் உறையில் அச்சிட்டிருக்கிறது. மின்சாரமே எட்டாத வீட்டில் குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவது? வட கென்யாவில், சோமாலியாவிலிருந்து தப்பி வந்தோர் வாழும் தாதாப் முகாம்களில், இந்தக் காரணத்தினாலேயே நோயாளிகள் ஒவ்வோர் ஊசிக்கும் ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டியதாயிற்று. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர், அங்குள்ள தாகாஹலே முகாமின் குடிசைகளில் இரவும் பகலும் நிலவும் வெப்பத்தை அளந்தார்கள்; அது 25 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கிற்று. ஜெனீவா சர்வகலாசாலையின் ஆராய்ச்சிச் சாலையில் அதே ஏற்ற இறக்கத்தை உண்டாக்கி, அதில் நான்கு வாரங்கள் இன்சுலினை வைத்துப் பார்த்ததில், குளிர்ப்பெட்டியில் வைத்த மருந்துக்கு அது வீரியத்தில் சற்றும் குறைந்ததாக இல்லை. 2021இல் வெளியான இம்முடிவினால், குப்பியை வீட்டுக்கே எடுத்துச் செல்லலாம் என்ற தைரியம் பிறந்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல இடங்களில் வழங்கிவரும் மண்பானை உபாயமும் பரிசோதனையில் தேறியிருக்கிறது; ஒரு பானைக்குள் மற்றொரு பானையை வைத்து, இடையே மணலை இட்டு நீர் தெளித்துவந்தால், நீர் ஆவியாகும்பொழுது உள்ளே குளிர்ச்சி தங்குகிறது. கோடையில் மண்பானைத் தண்ணீர் குடித்து வளர்ந்த நமக்கு இதன் தத்துவத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சிரிஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இன்சுலின் குப்பிகள் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டவை, 100 யூனிட் கொண்டவை எனப் பெரும்பாலும் இருவகைப்படும்; ஒவ்வொன்றுக்கும் அளவு குறித்த சிரிஞ்சு தனித்தனியே உண்டு. நன்கொடையாக வந்த குப்பி ஒருவகையும், கடையில் வாங்கிய சிரிஞ்சு மற்றொரு வகையுமாகச் சேர்ந்துவிட்டால், இரண்டரை மடங்கு மருந்து உடலில் ஏறிவிடும். அல்லது வேண்டியதில் பாதிகூட ஏறாது. முன்னது சில மணி நேரத்தில் உயிரைப் போக்கவல்லது. தர்மம் செய்வோரும் யோசித்துச் செய்ய வேண்டிய இடம் இது.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது ஆகாரப் பிரச்னை. இதனைப் பற்றி எழுதுவோர் குறைவாகையால் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வறிய நாடுகளில் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை, உடனே வேலை செய்யும் இன்சுலினும் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினும் ஆகிய இரண்டே. இவற்றைக் கலந்து காலையிலும் மாலையிலும் போடுகிறார்கள். காலையில் போட்ட ஊசியின் மந்த பாகம், சில மணி நேரம் கழித்து நடுப்பகலை ஒட்டி உச்சத்தை அடையும். அப்பொழுது வயிற்றில் உணவு இருந்தே தீர வேண்டும். இல்லாவிடில் இரத்தத்தில் சர்க்கரை அளவு மீறி இறங்கி, குழந்தைக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், வலிப்பும் வரலாம். மூன்று வேளையும் குறித்த நேரத்தில் உண்ணும் வீட்டை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட சிகிச்சை இது. சோளமாவோ மரவள்ளியோ அவரையோ, கிடைத்ததை ஒரு வேளை மட்டும் உண்டு, அறுவடைக்கு முந்திய பஞ்ச மாதங்களில் அதற்கும் வழியின்றிப் படுக்கும் குடும்பத்தில், ஊசி போட வேண்டிய தாய் என்ன செய்வாள்? இன்றிரவு சாப்பாடு கிடைக்குமா என்பது அவளுக்கே தெரியாது. முழு அளவு மருந்து போட்டு நள்ளிரவில் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டால், பக்கத்தில் வைத்தியர் இல்லை. ஆகவே அவள் அளவைப் பாதியாக்குகிறாள். சில நாள் போடாமலே விடுகிறாள். இரத்தச் சர்க்கரை ஏறிக் கிடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. இறங்கினால் பிள்ளை கண்ணெதிரே துடிக்கிறது.

அவளை அறியாதவள் என்று கடிந்துகொள்வது சுலபம். ஆனால் அவள் செய்வது, தன்னிடம் உள்ள பண்டங்களையும் பயங்களையும் நன்றாக நிறுத்துப் பார்த்துச் செய்யும் காரியமே என்பது என் துணிபு. அதன் விலையைக் குழந்தையின் சரீரம் மெள்ள மெள்ளச் செலுத்துகிறது. வளர்ச்சி குன்றி, கல்லீரல் வீங்கி, பருவம் அடைவது தாமதித்து, பன்னிரண்டு வயதில் ஏழு வயதுப் பிள்ளையைப் போலத் தோன்றும் இந்நிலையை, 1930இல் மோரியாக் என்ற பிரெஞ்சு வைத்தியர் வர்ணித்தார். செல்வ நாடுகளில் அது மிக அரிதாகிவிட்டது; ஏழை நாடுகளின் சிகிச்சைக் கூடங்களில் இன்றும் காணலாம். இருபது வயது கடந்தவுடன் கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் பழுதுபடுகின்றன. உணவு நேரத்தோடு இவ்வளவு கண்டிப்பாகப் பிணைக்கப்படாத, நாள் முழுதும் ஒரே சீராக வேலை செய்யும் புதுவகை இன்சுலின்களை உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தது. நிச்சயமற்ற சாப்பாட்டை உடைய குழந்தைக்கே அவற்றின் தேவை மிகுதி, ஆயினும் அவை முதலில் சென்று சேர்வது நிச்சயமான சாப்பாட்டை உடையவர்களிடம்.

தாயின் அச்சத்தைப் போக்கவல்லது இரத்தப் பரிசோதனை ஒன்றே. இந்த நேரத்தில் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவிட்டால், எவ்வளவு ஊசி என்பதும் தெரிந்துவிடும். ஆனால் குளுக்கோமீட்டரை இலவசமாகக் கொடுக்கும் கம்பெனிகள், அதில் செருகும் ஸ்டிரிப்பை இலவசமாகக் கொடுப்பதில்லை. ஒரு கம்பெனியின் மீட்டருக்கு மற்றொரு கம்பெனியின் ஸ்டிரிப் பொருந்துவதும் இல்லை. நாளைக்கு மூன்று நான்கு முறையேனும் பார்க்க வேண்டிய சோதனைக்கு ஆகும் செலவு, பல இடங்களில் இன்சுலினுக்கு ஆகும் செலவையே விஞ்சிவிடுகிறது. இன்சுலின் கொடுத்துவிட்டோம் என்று திருப்தி அடையும் திட்டங்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகின்றன.

இனி, நம்பிக்கை தரும் பக்கத்திற்கு வருவோம். ருவாண்டா மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த சிறு தேசம். 1994ஆம் ஆண்டின் இனப்படுகொலையில் அதன் வைத்தியர்களிலும் தாதியர்களிலும் பலர் மாண்டனர், பலர் வெளியேறினர். அத்தகைய தேசத்தில், 2006ஆம் ஆண்டையொட்டி, சுகாதார அமைச்சகமும் ‘பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்’ என்ற ஸ்தாபனமும் சேர்ந்து, ருவின்க்வாவு, கிரேஹே ஆகிய ஜில்லா ஆஸ்பத்திரிகளில் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கின. தனித்த நிபுணர் ஒருவரை ஒவ்வொரு ஜில்லாவுக்கும் அனுப்புவது நடவாத காரியம். ஆகவே தாதிகளுக்கே விசேஷப் பயிற்சி அளித்தார்கள். ஒரு ஜில்லாவில் முதல்வகை நீரிழிவு உள்ள குழந்தைகள் சிலரே இருப்பர். அவர்களுக்கென்று மட்டும் ஓர் அறையும் ஆளும் வைப்பதை எந்தக் கணக்கரும் ஒப்புக்கொள்ளமாட்டார். ஆதலின் வாதக் காய்ச்சலால் இதயம் பழுதானோர், தீராத மூச்சுத் தொல்லை உடையோர், நீரிழிவுடையோர் ஆகிய எல்லோரையும் அதே பயிற்சி பெற்ற தாதிகள் அதே கூடத்தில் கவனித்துக்கொள்ளும்படி அமைத்தார்கள். இன்சுலினின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும், குறிப்பேட்டைப் பார்த்து வீட்டின் சாப்பாட்டு நிலைமையை விசாரிப்பதும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனையைச் செய்வதும் தாதியின் பொறுப்பு. சிக்கலானவற்றை மட்டும் வைத்தியர் பார்க்கிறார். எத்தியோப்பியாவில் கோண்டார், ஜிம்மா ஆகிய ஊர்களைச் சுற்றிய கிராமச் சுகாதார நிலையங்களிலும், இதற்கு முன்பே, தாதிகளைக் கொண்டு இத்தகைய சேவை நடந்துவந்தது. மலைப்பாதையில் வெகுதூரம் நடந்து நகரத்திற்கு வந்தவர்கள், தங்கள் ஊருக்கு அருகிலேயே ஊசி மருந்தைப் பெற முடிந்தது. ருவாண்டாவில் விளைந்த அனுபவத்தை அடிப்படையாகக் கொண்ட ‘பென் பிளஸ்’ என்னும் திட்டத்தை, உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிராந்தியத்தைச் சேர்ந்த நாடுகள், 2022 ஆகஸ்டில் டோகோ நாட்டின் லோமே நகரில் கூடி, தங்கள் பொதுக் கொள்கையாக ஏற்றுக்கொண்டன.

நோயே ஏழை நாடுகளில் சில சமயம் வேறு உருவம் கொள்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஜமைக்காவில் 1955இல் ஹியூ ஜோன்ஸ் என்ற வைத்தியர், மிக மெலிந்த இளவயதினரிடம், வழக்கமான இரு வகைகளிலும் சேராத ஒரு நீரிழிவைக் கண்டார். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போதிய போஷாக்கு இல்லாமையே இதன் மூலம் என்று கருதப்பட்டது. 1985இல் உலக சுகாதார நிறுவனம் இதனைத் தனி வகையாக ஏற்று, 1999இல் ஆதாரம் போதாதென்று நீக்கிவிட்டது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், நியூயார்க் ஆராய்ச்சியாளர்களுடன் கூடி நடத்திய நுணுக்கமான பரிசோதனைகள் 2022இல் வெளியாகி இதற்கு மறுவாழ்வு அளித்தன. 2025இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இதனை ஐந்தாம் வகை என்று அங்கீகரித்தது. இது வெறும் பெயர் சூட்டும் விவகாரம் அன்று. இவ்வகையினருக்கு வழக்கமான அளவில் இன்சுலின் கொடுத்தால், சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடக்கூடும்.

நம்பிக்கை தரும் பக்கத்திற்கே திரும்பினால், ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் ஸிலிங்க் என்ற குழந்தை வைத்தியர் முன்னின்று 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ‘லைப் பார் எ சைல்டு’ என்ற திட்டமும், 2009இல் மருந்துக் கம்பெனியொன்று பிறரோடு சேர்ந்து தொடங்கிய மற்றொரு திட்டமும், இன்று பற்பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இன்சுலினும் சிரிஞ்சும் ஸ்டிரிப்பும் கல்வியும் இலவசமாக அளித்துவருகின்றன. இவை இல்லாவிடில் அப்பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று உயிரோடிருக்கமாட்டார்கள். ஆயினும் இத்தகைய உதவி பெரும்பாலும் இருபத்தைந்து வயதையொட்டி முடிந்துவிடுகிறது. பத்து வயதில் ஊசி போடத் தொடங்கி, பள்ளிக்கூடம் சென்று, ஒரு தொழிலையும் கற்றுக்கொண்டவன், தன் சம்பாத்தியத்தில் வாழத் தொடங்கும் அதே வருஷத்தில், தன் மருந்துக்குத் தானே விலை கொடுக்க வேண்டியவனாகிறான். கர்ப்பிணியாகிய பெண்ணுக்கோ, அதுவரை எந்நாளும் இல்லாத அளவுக்கு அடிக்கடி பரிசோதனையும் மிகுந்த இன்சுலினும் அப்பொழுதுதான் வேண்டியிருக்கிறது. நன்கொடையாளர் கையில் இருக்கும் இந்தப் பொறுப்பை, அந்தந்த நாட்டு அரசாங்கம் தன் வருஷாந்தர வரவு செலவுத் திட்டத்தில் ஒரு செலவினமாக ஏற்று, இன்சுலினோடு சிரிஞ்சையும் ஸ்டிரிப்பையும் சேர்த்தே கொள்முதல் செய்து, ஜில்லா ஆஸ்பத்திரியின் தாதி வரையில் கொண்டுசேர்த்தாலன்றி, இருபத்தைந்தாவது பிறந்த நாள் அப்பிள்ளைகளுக்குப் பயப்பட வேண்டிய நாளாகவே இருந்துவரும்.